பறவை காட்டும் தொழில்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்க நினைக்கும் காட்டுயிர் பட்டதாரிகளுக்கு

காட்டுயிர் உயிரியல் படித்தவர் பறவை வழிகாட்டியாக வர நினைத்தால், பாதி மூலதனம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பறவைகளை இனம் பிரிக்கத் தெரியும், விடியலுக்கு முன்னால் எழுந்து பழக்கம் உண்டு, வன அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரியும். மீதிப் பாதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆய்வாளர் தனக்காகப் பார்க்கிறார். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதியதும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. வழிகாட்டிக்கு அந்த நொடியில்தான் வேலை தொடங்குகிறது. பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரர். பறவை கிளம்புவதற்குள் ஐந்து பேர் கண்ணிலும் அது பட்டாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

பட்டம் கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: இல்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி போன்ற இடங்களில் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. படித்திருந்தால் அடித்தளம் உறுதியாக இருக்கும். ஆனால் காலை ஆறரை மணிக்கு நீர்க்கரையில் நிற்கும் விருந்தினருக்கு உங்கள் கண்ணும் காதும் பொறுமையும்தான் கணக்கு.

ஐந்து இடம், ஒரு வருடம்

இந்த இரண்டு மாவட்டங்களின் பலம் உயர வேறுபாடு. ஒகேனக்கல் காவிரிக் கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர். ஓசூர் மேட்டு நிலம் ஏறக்குறைய 900 மீட்டர். பெட்டமுகிலாளம் பக்கம் 1000 மீட்டரைத் தாண்டிவிடும். ஆறு, இலையுதிர் காடு, பாறைக் குன்று, ஏரி, மாந்தோப்பு, ராகிக் கொல்லை எல்லாம் ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் கிடைக்கின்றன. அதோடு ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். உங்கள் விருந்தினரில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருவார்கள்.

மாவட்டம் முழுக்க அலைய வேண்டாம். ஐந்து இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு நீர்நிலை: கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை), கெலவரப்பள்ளி அணை, பாரூர் ஏரி, வாணியாறு அணை இவற்றில் உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பது. ஒரு பாறைக் குன்று. ஒரு மாந்தோப்பும் அதை ஒட்டிய கொல்லைக்காடும். காட்டை ஒட்டி ஓடும் ஒரு பொதுச் சாலை. ஓர் ஆற்றங்கரை. ஒவ்வொன்றுக்கும் மாதம் இரண்டு முறை, பன்னிரண்டு மாதம் போங்கள். மொத்தம் 120 காலைகள். காசு வாங்கிக்கொண்டு ஆளை அழைத்துப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இதைக் குறைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் முதல் ஜனவரியில் நன்றாகச் செய்வார்கள், ஏப்ரலில் மாட்டிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் மட்டும் பார்த்த இடம் கோடையில் அவர்களுக்கே அந்நியமாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் இணையப் பறவைப் பதிவேடான இ-பேர்டில் முழுப் பட்டியல் பதியுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், பார்த்த எல்லா இனம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். இது ஆய்வாளருக்குத் தெரிந்த வேலைதான். அதன் பக்கத்தில், ஆய்வில் எழுதாத சில விஷயங்களையும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, வண்டியை எங்கே திருப்பலாம், பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எவ்வளவு தூரம், எந்த டீக்கடை ஆறு மணிக்குத் திறக்கிறது, எந்த வீட்டு நாய் துரத்தும். விருந்தினரின் காலை நல்லபடியாக அமைவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பருவங்களைத் தோராயமாக இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றோடு சுடலைக்குயிலை எதிர்பார்க்கலாம். ஆடி, ஆவணியில் தூக்கணாங்குருவிகள் கிணற்று மேட்டு மரங்களிலும் பனையிலும் கூடு பின்னும். செப்டம்பர் கடைசியிலிருந்து வலசைக் கதிர்க்குருவிகளும் வாலாட்டிகளும் வரத் தொடங்கும். அக்டோபரில் ஆறுமணிக்குருவி கடந்து போகும். விடியலிலும் அந்தியிலும் அது கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருந்தால் தவறவிட மாட்டீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சக் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை இலவும் புரசும் பூக்கும்போது ஒரே மரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், சூறைக்குருவியும் கரிச்சானும் பச்சைக்குருவியும் தேன்சிட்டும் தாமாகவே வந்து போகும். நடக்க முடியாத விருந்தினர் வந்தால் பூத்த மரம்தான் கைகொடுக்கும்.

நீர்நிலைக்குப் போவதற்கு முன் செய்தித்தாளில் அணை மட்டம் பாருங்கள். கே.ஆர்.பி. அணைக்கு முழுக் கொள்ளளவு 52 அடி, கெலவரப்பள்ளிக்கு 44.28 அடி. அணை முட்ட நிறைந்திருக்கும்போது கரையில் சேறு இருக்காது. உள்ளான், உப்புக்கொத்தி எதுவும் நிற்க இடமில்லை. நீர்க்காகமும் முக்குளிப்பானும் ஆலாவும் மட்டும் தெரியும். மட்டம் இறங்க இறங்கச் சேறு வெளிப்படும், கரைப் பறவைகள் கூடும். ‘உள்ளான் பார்க்க வாருங்கள்’ என்று அழைத்துவிட்டு நிறைந்த அணைக்குக் கூட்டிப் போவது, தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. ஒகேனக்கல்லுக்கும் இதே விதிதான். நீர்வரத்துக் கன அடிக் கணக்கைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள்.

கண்ணை விடக் காது

மேலகிரிக் காட்டோரத்தில் ஒரு காலையில் உங்களுக்குக் கிடைக்கும் இனங்களில் பெரும்பகுதி முதலில் காதுக்குத்தான் கிடைக்கும். குளிர்காலக் கதிர்க்குருவிகளை வைத்துத் தொடங்குங்கள். வேலியோரப் புதருக்குள் இரண்டு கல்லை மெல்லத் தட்டியதுபோல் ‘டக்… டக்…’ என்று கேட்டால் பிளித் நாணல் கதிர்க்குருவி. மர உச்சி இலைகளுக்குள்ளிருந்து ‘ச்சிலீ’ என்று இரண்டு அசையில் கூர்மையாகக் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவி. ஒன்று கீழே, ஒன்று மேலே. இந்த இரண்டு ஒலியும் காதில் உட்கார்ந்துவிட்டால், அவற்றோடு ஒப்பிட்டு மற்றவற்றைப் பிரிப்பது எளிது.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள், விருந்தினர் முன்னால் அதைத் தீர்ப்பாகக் காட்டாதீர்கள். பச்சைக்குருவியும் துடுப்புவால் கரிச்சானும் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். கரிச்சான் வல்லூறின் குரலைக்கூட எடுக்கும். செயலி அந்தப் போலிக் குரலுக்கும் பெயர் சொல்லிவிடும். குரல் வந்த இடத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாத எதையும் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

‘அதோ’ என்ற சொல்லை விடுங்கள்

ஆய்வாளராக இருந்து வழிகாட்டியாக வருபவருக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘அதோ அந்த மரத்தில், இலைக்குப் பின்னால்’ என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. எல்லோர் கண்ணிலும் தப்பாமல் படும் பெரிய அடையாளத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சின்னதற்கு இறங்குங்கள். உதாரணமாகச் சாலையோரப் புளியமரத்தில் புள்ளி ஆந்தை உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். சொல்ல வேண்டிய வரிசை இது: ‘மின்கம்பத்துக்கு வலப்பக்கம் உள்ள பெரிய புளி. அதன் தண்டு இரண்டாகப் பிரியும் கவையைப் பாருங்கள். எல்லோருக்கும் கவை தெரிகிறதா? அதிலிருந்து இடப்பக்கக் கிளை. கிளை வழியாக ஒரு கை நீளம் வெளியே வாருங்கள். அங்கே ஒரு பொந்து. பொந்து வாயில் சாம்பல் பழுப்பாக உருண்டையாக இருக்கிறது, அதுதான்.’ நடுவில் ‘கவை தெரிகிறதா’ என்று நிறுத்திக் கேட்பது முக்கியம். ஒருவருக்கு அங்கேயே வழி தப்பியிருந்தால் அதற்கு மேல் எவ்வளவு சொன்னாலும் பயனில்லை.

அடர்ந்த மரத்துக்குக் கடிகாரமுறை நல்லது. மரத்தின் தலைப்பகுதி முழுவதையும் கடிகார முகமாக எண்ணி ‘இரண்டு மணித் திசையில், விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே’ என்று சொல்லுங்கள். பச்சை லேசர் வைத்திருந்தால் பறவைக்குக் கீழே ஓரிரு அடி தள்ளிக் கிளையில் மட்டும் ஒரு நொடி காட்டி அணைத்துவிடுங்கள். பறவை மீதோ ஆள் மீதோ ஒருபோதும் படக் கூடாது. ஆந்தைப் பக்கம் லேசரை எடுக்கவே வேண்டாம்.

விருந்தினர் ‘தெரியவில்லை’ என்று சொல்லும்போது, பாதி நேரம் கோளாறு பைனாகுலரில்தான் இருக்கும். நடையைத் தொடங்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொருவர் கருவியையும் சரிசெய்து கொடுங்கள். கண்ணாடி போட்டவருக்குக் கண்வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். போடாதவருக்கு மேலே ஏற்றுங்கள். இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை நடுமூட்டை மடக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, வலக் குழாயின் முன்புறத்தை உள்ளங்கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக் குழாயை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்பக்கத்தில் இருக்கும் டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு பழக்கம்: பறவையை வெறும் கண்ணால் பார்த்தபடியே, தலையை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த இடம் தொலைந்துவிடும்.

ஒரு பறவைக்கு ஒரு செய்தி போதும். பாம்புத்தாரா சிறகை விரித்து உட்கார்ந்திருந்தால், அதன் இறகு தண்ணீரில் நனையக்கூடியது, நனைவதால்தான் எளிதாக மூழ்கி மீன் பிடிக்கிறது, அதனால்தான் பிறகு காயவைக்கிறது என்று சொன்னால் கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்வார். குடும்பம், பேரினம், பரவல் வரைபடம் எல்லாம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கருவிகள்

உங்களுக்கு 8×42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மில்லிமீட்டர். 10×42 அதிகம் பெரிதாக்கும், ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். வெளிச்சத்திலும் வேறுபாடு உண்டு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் ஒளிவட்டம், 10-ஆல் வகுத்தால் 4.2. விடியல் மங்கலில் அந்த ஒரு மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும். விருந்தினருக்குக் கொடுக்க இரண்டு உபரி பைனாகுலர் வேண்டும். விலை குறைந்ததானாலும் பரவாயில்லை, 8×42 ஆகவே வாங்குங்கள்.

நீர்நிலைக்குப் போவதென்றால் ஸ்கோப் (டிரைபாடில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) இல்லாமல் தொழில் நடக்காது. 80 மில்லிமீட்டர் முன்லென்ஸ், 20 முதல் 60 வரை ஜூம் உள்ளது எடுங்கள். டிரைபாடில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். காற்றில் ஆடும் டிரைபாடு மேல் எவ்வளவு நல்ல ஸ்கோப் வைத்தாலும் வீண். இன்னொன்று: காலை ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மேல் கானல் எழும். அப்போது 30-க்கு மேல் ஜூம் திருப்பினால் படம் நெளியும், பறவை தெளிவாகத் தெரியாது. ஜூமைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் பறவையைக் காட்டுங்கள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: முதலுதவிப் பெட்டி, குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், மின்சேமிப்புப் பெட்டி, டார்ச், லென்ஸ் துணி, ஒரு சின்னத் தார்ப்பாய். கடைசிப் பொருள் அற்பமாகத் தோன்றும். மூட்டுவலி உள்ளவர் பாறையில் உட்கார அதுதான் உதவும்.

அனுமதி

இதில் தெளிவு இல்லாமல் இறங்கினால் தொழில் முதல் மாதமே முடிந்துவிடும். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. இந்தப் பகுதிக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயம் அல்லது காப்புக்காடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. காப்புக்காட்டுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஓசூர், தருமபுரி வனக்கோட்ட அலுவலகங்களில் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். தேதி, நேரம், பாதை, ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாற்று இடத்துக்குப் போங்கள், ‘எப்படியும் விடுவார்கள்’ என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். வனத்துறையே 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். அங்கே துறையின் வழிகாட்டியும் உடன் வருவார். தீ அபாயக் காலத்தில் மலைப்பாதைகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆய்வு அனுமதி வைத்திருப்பவருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆய்வுக்காக வாங்கிய கடிதம் ஆய்வுக்கு மட்டும்தான். அதைக் காட்டிக் கட்டண விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துப் போவது உங்கள் பெயரோடு உங்கள் நிறுவனத்தின் பெயரையும் கெடுக்கும். ஆய்வில் கிடைத்த கூட்டு இடங்களையும் அடையும் மரங்களையும் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். காட்டுப்பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதே சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும்.

தொடக்கத்தில் அனுமதி தேவைப்படாத இடங்களே போதும்: ஏரிக்கரை, பொதுச்சாலை, சொந்தக்காரர் ஒப்புக்கொண்ட தோப்பு, கொல்லை. தோப்புக்குள் போகும் முன் மருந்து தெளித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மா பூக்கும் டிசம்பர், ஜனவரியில் பூவுக்கு வரும் பூச்சியைத் தேடி ஈப்பிடிப்பானும் கதிர்க்குருவியும் நிறைய வரும். மருந்து தெளிப்பும் அப்போதுதான் நடக்கும். அணைக்கட்டின் மேல் குழுவை ஏற்றாதீர்கள். அது நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம்.

யானை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் வேலை செய்பவர் பறவைக்கு முன்னால் யானையைப் படிக்க வேண்டும். ராகி முற்றும் நவம்பர் முதல் ஜனவரி வரை பன்னர்கட்டா, காவிரிப் பக்கத்திலிருந்து வரும் கூட்டங்கள் இந்தக் கொல்லைகளைச் சுற்றித்தான் இருக்கும். சானமாவு காட்டில் முகாமிட்டு இரவில் வெளியே வருவதும் உண்டு. பறவை பார்க்க நல்ல காலமும் யானை அபாயக் காலமும் ஒன்றாக வருகின்றன என்பதுதான் சிக்கல்.

பரண் மேல் இரவு முழுக்கக் காவல் இருக்கும் விவசாயியின் கைபேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அவரைக் கூப்பிட்டு ‘அண்ணா, ராத்திரி இந்தப் பக்கம் வந்துச்சா? திரும்பிப் போயிடுச்சா?’ என்று கேளுங்கள். வனக் காவலரிடமும் கேளுங்கள். இருவரில் ஒருவர் சந்தேகமாகச் சொன்னாலும் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம், நீர்நிலைக்குத் திருப்பிவிடுங்கள். போகிற வழியில் புதிய சாணம், ஈரம் காயாத ஒடித்த கிளை கண்டால் அங்கிருந்தே திரும்ப வேண்டும். காட்டோரத்தில் நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. விருந்தினர் எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் இதில் சமரசம் இல்லை.

பாறைக் குன்றுகளில் மலைத்தேனீ அடையும் சுருட்டை விரியனும் உண்டு. வாசனைத் திரவியம் போட்டு வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடிய செருப்பு கட்டாயம். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ எது பக்கமோ அங்கே போக வேண்டும். உங்கள் ஐந்து இடத்திலிருந்தும் எது எவ்வளவு நிமிடம் என்று ஒரு முறை வண்டி ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள்.

மஞ்சள் தொண்டைச் சின்னான்

இந்தப் பக்கத்துக்கு வரும் தேர்ந்த பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் இந்த ஒரு பறவைக்காகத்தான் கேட்பார்கள். தென்னிந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே உரியது. உலக அளவில் அழிவாய்ப்புள்ள பட்டியலில் இருக்கிறது. பெரிய உருண்டைப் பாறைகளும் இடையிடையே புதரும் அத்தி, ஆல் வகை மரங்களும் உள்ள குன்றுச் சரிவுதான் அதன் இடம். அதே சரிவில் வெண்புருவச் சின்னானும் இருக்கும். குரல் கேட்டதும் அவசரப்பட்டுப் பெயர் சொன்னால் பெரும்பாலும் அதுவாகத்தான் முடியும். வெண்புருவத்துக்குப் பெயருக்கேற்ற வெள்ளைப் புருவம், மங்கிய ஆலிவ் உடம்பு. மஞ்சள் தொண்டைக்குப் புருவம் கிடையாது. தலையும் தொண்டையும் மஞ்சள், நெஞ்சு சாம்பல்.

காட்டும் முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். பழுத்த அத்தி உள்ள மரத்தை முதல் நாளே பார்த்து வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்குள் சுமார் முப்பது மீட்டர் தள்ளிப் பாறை நிழலில் குழுவை உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் பேசாமல் காத்திருங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். அதைப் போட்டால் அன்றைக்கு வரும், உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு குழு, ஒவ்வொன்றும் பத்து முறை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் வேற்றுப்பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு அலையும், கடைசியில் அந்தச் சரிவையே விட்டுவிடலாம். கருங்கல் குவாரிகள் ஏற்கெனவே பல குன்றுகளைத் தின்றுவிட்ட மாவட்டம் இது. மிச்சம் இருக்கும் சரிவில் பறவையை நிம்மதியாக விட வேண்டிய பொறுப்பு அதைக் காட்டிப் பிழைப்பவருக்குத்தான் முதலில் இருக்கிறது. ‘பார்த்தே தீர வேண்டும்’ என்று உறுதி கேட்கும் விருந்தினருக்கு உறுதி கொடுக்க வேண்டாம். காத்திருப்போம், வந்தால் பார்ப்போம் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். குன்றின் பெயரையும் சரியான இடத்தையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

ஒரு காலையின் ஓட்டம்

ஜனவரியில் இங்கே சூரியன் எழ ஏறக்குறைய 6:45 ஆகும். நீர்நிலைக் காலையை இப்படி அமைக்கலாம். 6:15-க்குச் சந்திப்பு, கால் மணி நேரம் பைனாகுலர் சரிசெய்தல், யானை, தேனீ, அமைதி பற்றி இரண்டு நிமிடம் பேச்சு. 6:40-க்குக் கரையின் கிழக்குப் பக்கம் நின்றுவிட வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வேறுபாடு தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல். 8:45 வரை ஸ்கோப். முதலில் கண்ணுக்கு எளிதான பெரிய பறவை, சங்குவளை நாரை, கூழைக்கடா. எல்லோருக்கும் ஒரு வெற்றி கிடைத்த பிறகு உள்ளான்களுக்குப் போங்கள். தொடக்கத்திலேயே ஆறு வகை உள்ளானைப் பிரித்துக் காட்டினால் புதியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. 9:30-லிருந்து 10:30 வரை தோப்பு நிழலில் நடை. 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். நீட்டினால் பறவையும் அடங்கிவிடும், ஆட்களும் களைத்துவிடுவார்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஓசூர் மேட்டில் பனிமூட்டம் எட்டு மணி வரைகூட நிற்கும். அன்றைக்கு வரிசையை மாற்றி, தோப்பை முதலிலும் நீர்நிலையைப் பிறகும் வையுங்கள். மூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்கும். கெலவரப்பள்ளியில் மழைக்குப் பிறகு நுரை பொங்கிக் கிடந்தால் விருந்தினர் கட்டாயம் கேட்பார்கள். மேலிருந்து வரும் கழிவுநீர்தான் காரணம் என்று மழுப்பாமல் சொல்லுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் போதும். ஏழாவது ஆளுக்கு ஸ்கோப்பில் முறை வருவதற்குள் பறவை போய்விடும்.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். அரை நாள், நான்கு பேர், ஆளுக்கு 1,800 ரூபாய். வரவு 7,200. வாடகை வண்டி 2,800, ஆறு பேருக்குக் காலைச் சாப்பாடு 600, உள்ளூர் உதவியாளர் 700, தண்ணீர், சில்லறைச் செலவு 200. மிச்சம் 2,900. முதல் நாள் இடம் பார்த்து வர பெட்ரோல் 250 போனால் 2,650. அது ஒன்றரை நாள் உழைப்புக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 17 வாரம், சனியும் ஞாயிறும் சேர்த்து 34 நாள். அதில் 24 நாள் நிறைந்தாலே நல்ல பருவம். நான்கு மாதத்துக்கு 63,600 ரூபாய். இதை மட்டும் நம்பி வேலையை விடக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பறவைக் கணக்கெடுப்பு ஒப்பந்தம், பள்ளிகளுக்கு இயற்கை வகுப்பு, நிறுவனங்களுக்குக் களப்பயிற்சி என்று பட்டத்தின் வழியாக வரும் வருமானம்தான் தாங்கும். கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போடாதீர்கள். இரண்டு நாள் பயணமாக மாற்றினால் வண்டிச் செலவு பரவலாகும், ஆளுக்கு மிச்சமும் கூடும்.

சொந்த வெள்ளைப் பலகை வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைவிடும். மஞ்சள் பலகை வண்டியை வாடகைக்கு எடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்து வையுங்கள்.

உள்ளூர் ஆள்

உதவியாளருக்குக் கொடுக்கும் 700 ரூபாயைச் செலவாகப் பார்க்காதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருளர் குடும்பங்களிலும், சித்தேரி, வத்தல்மலையில் மலையாளிப் பழங்குடியினரிடமும் காட்டை நன்றாக அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பக்கி என்னும் இரவுப்பறவை எங்கே படுத்திருக்கிறது, எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பைனாகுலரை அவரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். விருந்தினர் முன்னால் அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், பறவையைக் கண்டுபிடித்தவர் அவர் என்றால் அப்படியே சொல்லுங்கள். இரண்டு பருவத்தில் அவரே தனியாகக் குழு நடத்துவார்.

ஓசூர்ப் பக்கம் ஒரே ஊரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். பொதுப் பறவைகள் இருபதுக்காவது மூன்று மொழியிலும் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பனங்காடையும் கொண்டலாத்தியும் ஆள்காட்டியும் புத்தகப் பெயரில் சொன்னால் புரியாத பெரியவரிடம், அவர் வைத்த பெயரைச் சொன்னால் அன்றைக்கே கொல்லைக்குள் விடுவார்.

பணம் வாங்கும் முன்

தெரிந்தவர்களை வைத்துப் பத்துக் காலை இலவசமாக நடத்துங்கள். அதில் ஒரு குழுவாவது பறவையில் ஆர்வமே இல்லாதவர்களாக இருக்கட்டும், ஒரு குழுவாவது உங்களைவிட அதிகம் தெரிந்தவர்களாக இருக்கட்டும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் பிப்ரவரியில் வரும் நான்கு நாள் கணக்கெடுப்பிலும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தையல்சிட்டைக் காட்டப் பழகினால் மற்றவர்களுக்குக் காட்டுவது சிரமமில்லை. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பறவையை நான் காட்டியும் உங்களுக்குத் தெரியாமல் போனது? பதிலை எழுதி வைத்து, அதே மரத்தடிக்கு மறுநாள் தனியாகப் போய், எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அன்றைய பட்டியலை அன்றிரவே விருந்தினருக்கு அனுப்பிவிடுங்கள். தமிழ்ப் பெயர், எண்ணிக்கை, பார்த்த இடத்தின் பொதுப்பெயர் இவை இருந்தால் போதும். கூடு எதையாவது பார்த்திருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.